கூரையில் காயும் வெயிலுக்கு மானியம் தேவையா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஜொகூர் பாருவின் நண்பகல் வெயிலைப் பற்றி யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கூடாய், மாசாய், தம்போய், பெர்லிங் என்று எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் வீட்டு முன்புறத்தில் துணி காய்ந்துகொண்டிருக்கும். சில வீடுகளில் முறத்தில் மிளகாய் காயும், வடகம் காயும். அந்த வெயிலுக்கு இதுவரை எவரும் காசு கேட்டதில்லை. ஆனால் கடந்த சில ஆண்டுகளாக அதே வெயிலுக்கு விலைப் பட்டியல் ஒன்று தபால் பெட்டிக்குள் வந்து விழுகிறது. கூரையில் சோலார் தகடு பொருத்துங்கள், மின் கட்டணம் குறையும், அரசாங்க உதவியும் உண்டு என்கிறது அந்தத் தாள்.

அதைக் கையில் எடுக்கும் குடும்பத்துக்கு ஒரு கேள்வி: நமக்கு இது கட்டுப்படியாகுமா? நாட்டுக்கு இன்னொரு கேள்வி: ஒருவர் வீட்டுக் கூரையில் தகடு பொருத்த, ஊரார் பணத்தை எடுத்துக் கொடுப்பது நியாயமா? முதல் கேள்விக்கு விற்பனையாளர்களே ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது கேள்விதான் இன்றைய தலைப்பு.

இதில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி சொல்கிறது: “சொந்த வீடும் கையில் பணமும் உள்ளவர்தான் சோலார் போடுகிறார். அவருக்கு எதற்கு மானியம்? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதையல்லவா இது?” மறு கட்சி சொல்கிறது: “நிலக்கரியைக் கொளுத்தினால் புகை எல்லார் மூக்கிலும்தான் ஏறுகிறது. அதைக் குறைப்பவருக்கு எல்லாரும் சேர்ந்து கொஞ்சம் கைகொடுப்பதில் என்ன தவறு?” இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆகவே பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

மானியம் இல்லாத மின்சாரம் எது?

சோலாருக்கு மட்டும்தான் மானியம், சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டினால் வருவது சொந்தக் காலில் நிற்கும் மின்சாரம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படி இல்லை.

ஜொகூர் பாருவிலிருந்து மேற்கே போனால் பொந்தியான் மாவட்டக் கடலோரத்தில் தஞ்சோங் பின் அனல் மின் நிலையம் இருக்கிறது. முதலில் 2,100 மெகாவாட், பிறகு 2016ஆம் ஆண்டில் மேலும் 1,000 மெகாவாட் சேர்ந்தது. அங்கே எரிவது நம் மண்ணில் தோண்டிய நிலக்கரி அல்ல. இந்தோனேசியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருவது. உலகச் சந்தையில் நிலக்கரி விலை ஏறினால் அந்தச் சூடு இங்கே மின் கட்டணத்தில் தெரிய வேண்டும்.

2022ஆம் ஆண்டில் உக்ரேன் போர் மூண்ட பிறகு அந்த விலை தாறுமாறாக ஏறியது. ஆனால் வீட்டுக்கு வந்த பில்லில் அது தெரியவில்லை. காரணம், இடையில் அரசாங்கம் நின்று தாங்கியது. 2023ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களுக்கு மட்டும் இதற்காக 1,076 கோடி வெள்ளியை ஏற்பதாக அரசாங்கம் அறிவித்தது. அதுவும் மானியம்தான். பில்லில் பெரிய எழுத்தில் வராததால் கண்ணில் படாத மானியம்.

ஒரு ஒப்பீடு பாருங்கள். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, வீட்டுச் சோலாருக்கு ‘சோலாரிஸ்’ என்ற உதவித் திட்டம் தொடங்கியது. ஒரு கிலோவாட்டுக்கு 1,000 வெள்ளி, ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 4,000 வெள்ளி. அந்த 1,076 கோடியை 4,000 வெள்ளியால் வகுத்தால் ஏறக்குறைய 27 லட்சம் வீடுகள் வருகின்றன. ஆறு மாதத்தில் கரைந்த பணம் அவ்வளவு. எரிந்த நிலக்கரிக்குப் பின்னால் மிச்சம் இருப்பது சாம்பல். கூரையில் ஏறிய தகடோ இருபது, இருபத்தைந்து ஆண்டு உழைக்கும்.

இந்த ஒப்பீட்டை வைத்தே தீர்ப்பு எழுதிவிடலாமா? கூடாது. அந்த 1,076 கோடி ஏழை வீட்டு விளக்குக்கும் போனது, வாடகை வீட்டு மின்விசிறிக்கும் போனது. சோலார் உதவி அப்படி எல்லா வீட்டுக்கும் போகவில்லை. பிரச்சினையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. மானியம் கொடுப்பது புதுமை அல்ல. அது யார் வீட்டுப் படியேறுகிறது என்பதுதான் கேள்வி.

விலை எப்படி இறங்கியது?

2005ஆம் ஆண்டில் மலேசியாவில் சோலார் பொருத்த ஒரு வாட்டுக்குச் சுமார் 31 வெள்ளி செலவானது. இன்று வீடுகளில் சாதாரணமாகப் பொருத்தும் 5 கிலோவாட் அமைப்புக்கு அந்த விலையில் 1,55,000 வெள்ளி ஆகியிருக்கும். அந்தப் பணத்துக்கு அன்று ஜொகூர் பாருவில் ஒரு வீடே வாங்கியிருக்கலாம். வீட்டின் விலையைக் கூரையில் கொட்ட யாருக்குத்தான் மனம் வரும்?

அந்தக் காலத்தில்தான் ‘சூரியா 1000’ என்ற திட்டம் வந்தது. தனக்கு எவ்வளவு உதவித் தொகை வேண்டும் என்று வீட்டுக்காரரே ஏலம் கேட்பது போலக் கேட்க வேண்டும். குறைவாகக் கேட்டவருக்கு முன்னுரிமை. பங்கெடுத்த வீடுகள் மிகச் சில. ஆனால் அந்தச் சில வீடுகளை வைத்துத்தான் நம் நாட்டுத் தொழில்நுட்பர்கள் வேலை கற்றார்கள். தகட்டை எந்தக் கோணத்தில் சாய்ப்பது, நம் ஊர் இடி மின்னலுக்கு என்ன பாதுகாப்பு, ஓட்டுக் கூரையில் ஒழுகாமல் எப்படிப் பிணைப்பது என்பதெல்லாம் அப்போது படித்த பாடம்.

அடுத்து 2011ஆம் ஆண்டில் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்தது. ‘சேடா’ என்ற ஆணையம் அமைந்தது. அவ்வாண்டு டிசம்பர் முதல் தேதி முதல் வீட்டுக் கூரையில் விளையும் மின்சாரத்தைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் திட்டம் தொடங்கியது. 4 கிலோவாட் வரையுள்ள அமைப்புக்குத் தொடக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு 1 வெள்ளி 23 சென். கட்டடத்தின் மேல் பொருத்தினால் மேலும் 26 சென். ஒப்பந்தக் காலம் 21 ஆண்டு. யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. நம் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு மாதம் ஏறக்குறைய 100 யூனிட் தரும் என்று வைத்துக்கொண்டால், 4 கிலோவாட்டுக்கு மாதம் 596 வெள்ளி. 21 ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வெள்ளி!

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? மின் கட்டணத்தோடு சேர்த்து வசூலித்த நிதியிலிருந்து. முதலில் 1 விழுக்காடு, 2014ஆம் ஆண்டு ஜனவரி முதல் 1.6 விழுக்காடு. மாதம் 300 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு அதிலிருந்து விலக்கு. ஏழைகள் தலையில் கைவைக்கவில்லை என்பதை இங்கே நேர்மையாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனாலும் மாதம் 350 யூனிட் எரிக்கும் சாதாரணக் குடும்பம் கொடுத்த காசு, 21 ஆண்டு வருமானம் வாங்கும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. முதலில் கையெழுத்திட்ட வீடுகளுக்கு அந்த ஒப்பந்தம் 2030களிலும் ஓடும்.

இதில் யாரைக் குறை சொல்வது? அன்று விலை உயர்வு. அந்த அளவு கொடுத்திருக்காவிட்டால் யாரும் வந்திருக்கமாட்டார்கள். ஜெர்மனியிலும் இதே கதைதான். 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 20 ஆண்டு உறுதி விலை கொடுத்தார்கள். பொதுமக்கள் மின் பில்லில் கூடுதல் கட்டணம் கட்டினார்கள். 2022ஆம் ஆண்டு ஜூலையில்தான் அந்தக் கட்டணத்தை நிறுத்தினார்கள். ஜெர்மனியின் கூரைகளுக்காகச் சீனாவில் தொழிற்சாலைகள் பெருகின. உற்பத்தி பெருகப் பெருக விலை சரிந்தது. இன்று மாசாயில் ஒருவர் வாங்கும் தகட்டின் விலையில் ஜெர்மானியக் குடும்பங்கள் கட்டிய பில்லுக்கும் பங்கு உண்டு.

ஆக, தொடக்கக் கால மானியம் வீண் போகவில்லை. அது விலையை இறக்கியது. ஆனால் விலை இறங்கிய பிறகும் அதே மருந்தை அதே அளவில் கொடுக்க வேண்டுமா? குணமான நோயாளிக்கு யாரும் ஊசி போடுவதில்லையே.

ஒரே வெயில், இரண்டு வீடு

இப்போது இரண்டு குடும்பங்களைக் கற்பனை செய்துகொள்வோம். 2024ஆம் ஆண்டு, உதவித் திட்டம் நடப்பில் இருந்த நேரம்.

ஒன்று, ஸ்கூடாயில் ஒரு மூலை வீடு. கணவன் மனைவி இருவருக்கும் நல்ல வேலை. இரண்டு குளிர்சாதனக் கருவிகள். மாதம் 800 யூனிட். இன்னொன்று, மாசாயில் ஒரு மலிவு விலைத் தரை வீடு. தந்தை லோரி ஓட்டுகிறார். மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி, துணி துவைக்கும் இயந்திரம். மாதம் 250 யூனிட்.

அப்போதைய தெனாகா நேஷனல் கட்டணம் படிப்படியாக ஏறும். முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென். அடுத்த 100க்கு 33.4 சென். அடுத்த 300க்கு 51.6 சென். அதற்கு மேல் அடுத்த 300க்கு 54.6 சென்.

மூலை வீட்டுக்கு பில் 341 வெள்ளி. 5 கிலோவாட் பொருத்தி மாதம் 500 யூனிட் கழித்தால் மிஞ்சுவது 300 யூனிட். பில் 77 வெள்ளிக்கு இறங்கும். மாதம் 264 வெள்ளி மிச்சம். பொருத்தும் செலவு 20,000 வெள்ளி என்று வைத்தால், உதவித் தொகை இல்லாமலே ஆறு ஆண்டு சொச்சத்தில் முதல் திரும்பிவிடும். 4,000 வெள்ளி உதவி கிடைத்தால் ஐந்து ஆண்டு.

மாசாய் வீட்டுக்கு பில் 60 வெள்ளி 30 சென். 2 கிலோவாட் பொருத்தினால் 200 யூனிட் கழியும். மிச்சமாவது மாதம் 49 வெள்ளி 40 சென். சின்ன அமைப்புக்கு ஒரு கிலோவாட்டுக்கான செலவு கூடுதலாகவே இருக்கும். ஆகவே 10,000 வெள்ளி என்று வைப்போம். 2,000 வெள்ளி உதவி கழித்தாலும் முதல் திரும்ப பதிமூன்றரை ஆண்டு!

கவனியுங்கள். இரண்டு கூரையிலும் அடிப்பது ஒரே வெயில். ஆனால் மூலை வீட்டில் அந்த வெயில் 51, 54 சென் மின்சாரத்தைக் கழிக்கிறது. மாசாய் வீட்டில் பெரும்பாலும் 21 சென் மின்சாரத்தைக் கழிக்கிறது. ஏழைக் குடும்பத்தைக் காப்பாற்ற வைத்த மலிவுக் கட்டணமே அந்தக் குடும்பத்தைச் சோலார் பக்கம் திரும்பவிடாமல் செய்கிறது. அது யாருடைய சூழ்ச்சியும் அல்ல. இரண்டு நல்ல எண்ணங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதன் விளைவு.

இன்னொன்றும் இதில் தெரிகிறது. அந்த 4,000 வெள்ளி மூலை வீட்டுக்காரரின் காத்திருப்பில் ஏறக்குறைய பதினைந்து மாதத்தைக் குறைத்தது, அவ்வளவுதான். உதவி இல்லாவிட்டாலும் அவர் பொருத்தியிருக்கக்கூடும். மாசாய்க் குடும்பத்துக்கோ கொடுத்த உதவி போதவில்லை. வேண்டியவருக்குப் போதாமலும் வேண்டாதவருக்கு உபரியாகவும் போகும் பணத்தை நல்ல செலவு என்று சொல்ல முடியுமா?

தமிழ்நாட்டிலும் இதே முட்டல் உண்டு. அங்கே 2016ஆம் ஆண்டு முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இலவச மின்சாரத்தை வெயிலால் கழித்து என்ன லாபம்? ஆனால் இந்திய அரசு 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய ‘சூர்ய கர்’ திட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. முதல் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டாவதுக்கும் 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை பொருத்தினாலும் கூடுதல் உதவி கிடையாது. சின்ன வீட்டுக்குக் கிலோவாட் கணக்கில் கூடுதல் உதவி, பெரிய வீட்டுக்குக் குறைவு. நம் ‘சோலாரிஸ்’ திட்டத்தில் முதல் கிலோவாட்டுக்கும் 1,000 வெள்ளி, நான்காவது கிலோவாட்டுக்கும் அதே 1,000 வெள்ளி.

பகலில் பூட்டிக் கிடக்கும் வீடு

ஜொகூர் பாருவுக்கென்றே ஒரு தனிச் சங்கதி உண்டு. இங்கே ஆயிரமாயிரம் பேர் கிழக்கு வெளுக்கும் முன்பே மோட்டார் சைக்கிளிலும் பேருந்திலும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். திரும்பும்போது விளக்கு வைக்கும் நேரம் தாண்டிவிடும். கூரையில் மின்சாரம் விளையும் நேரத்தில் வீடு பூட்டிக் கிடக்கிறது. குளிர்சாதனக் கருவி ஓடுவது இரவில். சூரியன் ஓய்ந்த பிறகு.

இப்படிப்பட்ட வீட்டுக்குச் சோலார் எப்படிப் பயன்பட்டது? தெனாகாவின் கம்பிதான் வங்கி. பகலில் விளைந்ததைக் கம்பியில் போட்டுவிட்டு இரவில் எடுத்துக்கொள்ளலாம். 2016ஆம் ஆண்டு நவம்பரில் இந்த ஏற்பாடு முதலில் வந்தபோது, போட்ட யூனிட்டுக்கு 31 சென் மட்டும்தான் மதிப்பு. அவ்வளவாக யாரும் வரவில்லை. 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஒன்றுக்கு ஒன்று என்றார்கள். ஒரு யூனிட் போட்டால் ஒரு யூனிட் எடுத்துக்கொள்ளலாம். அதன் பிறகுதான் தாமான்களில் நீலத் தகடுகள் பளபளக்கத் தொடங்கின. 2021ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் கட்டத்தில் இந்தச் சலுகைக்குப் பத்து ஆண்டு வரம்பு வைத்தார்கள். அதற்கான விண்ணப்பம் 2025ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதியோடு முடிந்தது.

கையில் காசாகக் கொடுத்த 4,000 வெள்ளியைவிட, இந்த ஒன்றுக்கு ஒன்று மாற்றுத்தான் பெரிய மானியம். ஏனென்றால் பகலில் போட்ட மின்சாரத்தை இரவில் திருப்பித் தர வேறொரு மின் நிலையம் ஓட வேண்டும். கம்பிக்கும் கம்பத்துக்கும் செலவு உண்டு. அந்தச் செலவைச் சோலார் இல்லாத வீடுகளும் சேர்த்துத் தாங்கின.

2025ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி மின் கட்டணமே புது வடிவம் எடுத்தது. மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு மின்சாரத்துக்கு 27.03 சென், திறனுக்கு 4.55 சென், கம்பிக்கு 12.85 சென் என்று பிரித்துக் காட்டினார்கள். கூட்டினால் யூனிட்டுக்கு 44.43 சென். சிக்கனமாகப் பயன்படுத்துபவருக்குத் தனிக் கழிவு. 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 சென் கழியும். பிறகு 2026ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி ‘சோலார் அத்தாப்’ என்ற புதுத் திட்டம் வந்தது. அதில் கம்பிக்குப் போகும் உபரி மின்சாரத்துக்கு மின்சாரத்தின் விலை மட்டும்தான், அதாவது 27.03 சென். அந்த மாத பில்லில் கழித்தது போக மிஞ்சினால் அடுத்த மாதத்துக்குப் போகாது.

மாதம் 500 யூனிட் விளையும் இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். சிக்கனக் கழிவு முதலியவற்றை விட்டுவிட்டுப் பார்த்தால், பழைய ஒன்றுக்கு ஒன்று முறையில் இரண்டு வீட்டுக்கும் அதன் மதிப்பு 222 வெள்ளி. புது முறையில், தாத்தா பாட்டியும் பேரப் பிள்ளைகளும் பகலில் வீட்டில் இருந்து 350 யூனிட்டை அங்கேயே பயன்படுத்தினால் மதிப்பு சுமார் 196 வெள்ளி. எல்லாரும் சிங்கப்பூருக்குப் போய்விட, பகலில் 150 யூனிட் மட்டும் செலவானால் சுமார் 161 வெள்ளி. பூட்டிய வீட்டுக்கு மாதம் 61 வெள்ளி இழப்பு.

இது அநியாயமா? கோபம் வருவது இயல்பு. ஆனால் கம்பியை வங்கியாகப் பயன்படுத்துபவர் வங்கிக் கட்டணம் கட்டுவது முறைதானே. விலை இறங்கிய பிறகு மானியத்தையும் படிப்படியாக இறக்க வேண்டும் என்ற நியாயத்தின்படி பார்த்தால், இந்த மாற்றம் சரியான திசையில்தான் போகிறது. இப்படி மிச்சமாகும் பொதுப் பணம் அடுத்து எங்கே போகிறது என்று கேட்பதுதான் நம் கடமை.

கூரையே இல்லாதவருக்கு என்ன வழி?

இதுவரை பேசியதெல்லாம் சொந்தக் கூரை உள்ளவர் கதை. ஜொகூர் பாருவில் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம்மவர்கள் எத்தனை பேர்? வாடகைக்கு இருப்பவர்கள் எத்தனை பேர்? வாடகைக்காரர் தகடு பொருத்தினால் லாபம் வீட்டுச் சொந்தக்காரருக்கு. சொந்தக்காரர் பொருத்தினால் பில் குறைவது வாடகைக்காரருக்கு. ஆகவே இருவரும் பொருத்துவதில்லை. அடுக்குமாடியிலோ மேல் மாடிக் கூரை எல்லாருக்கும் சொந்தம். அதனால் யாருக்கும் சொந்தமில்லை.

இதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டாம். பாலத்தைத் தாண்டினால் போதும். சிங்கப்பூரில் 2014ஆம் ஆண்டு ‘சோலார்நோவா’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். தனித் தனி வீட்டுக்குக் காசு கொடுக்கவில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிக் கட்டடங்களின் கூரைகளை ஒட்டுமொத்தமாகச் சேர்த்துக் குத்தகைக்கு விட்டார்கள். அங்கே விளையும் மின்சாரம் பகலில் மின்தூக்கிக்கும், நடைபாதை விளக்குக்கும், தண்ணீர் ஏற்றும் பம்புக்கும் போகிறது. மிஞ்சினால் பொதுக் கம்பிக்குப் போகிறது. நான்காவது மாடியில் இருக்கும் வாடகைக்காரரும் அதன் பயனை அனுபவிக்கிறார். அன்றாடம் அங்கே வேலைக்குப் போகும் நம்மவர்கள் அந்தக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டேதான் போகிறார்கள்.

இங்கே மலிவு விலை அடுக்குமாடிகளில் என்ன நிலைமை? மின்தூக்கி பழுதானால் சரிசெய்யப் பணமில்லை. பராமரிப்புக் கட்டணம் பாக்கி. பொது மின் பில் கட்ட நிர்வாகக் குழு திண்டாடுகிறது. வயதான அம்மா ஒருவர் எட்டாவது மாடிக்குப் படியேறி மூச்சு வாங்குகிறார். அந்தக் கட்டடத்தின் தலைக்கு மேல் நாள் முழுதும் வெயில் அடிக்கிறது. மூலை வீட்டுக்குக் கொடுத்த 4,000 வெள்ளி போல இருபது வீட்டுப் பணத்தை, அதாவது 80,000 வெள்ளியை, அந்த ஒரு கூரையில் போட்டால் நூறு, இருநூறு குடும்பங்களின் பராமரிப்புச் செலவு குறையுமே. தண்ணீர் பம்பை பகலில் ஓட்டித் தொட்டியை நிரப்பினால் உபரி என்ற பேச்சே எழாது.

பள்ளிகளையும் மறக்கக்கூடாது. ஜொகூரில் மட்டும் ஏறக்குறைய 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மற்ற பள்ளிகளையும் சேர்த்தால் எண்ணிக்கை பல மடங்கு. பள்ளி நடப்பது பகலில். வெயில் அடிப்பதும் பகலில். இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்குமா? அங்கே ஒரு வெள்ளி மிச்சமானாலும் அது பொதுப் பணத்துக்கே திரும்பும். பிள்ளைகளுக்கும் அது ஒரு பாடமாக இருக்கும்.

முடிவாக

வீட்டுச் சோலாருக்குப் பொதுப் பணம் கொடுப்பது பயனுள்ளதா? ஆம், பயன் இருந்திருக்கிறது. 31 வெள்ளியாக இருந்த பொருளைச் சாதாரணக் குடும்பம் எண்ணிப் பார்க்கும் விலைக்குக் கொண்டுவந்ததில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் வசதி உள்ளவர் கூரைக்கே மேலும் மேலும் கொடுப்பது இனிப் பயனற்றது. அவர் தாமாகவே பொருத்திக்கொள்வார். அவருக்கு வேண்டியது காசு அல்ல. நேர்மையான விலை, குழப்பமில்லாத விதி, அடிக்கடி மாறாத திட்டம்.

மானியம் இனி மூன்று இடத்துக்குப் போக வேண்டும். ஒன்று, முதல் போட வழியில்லாத சிறிய வீட்டுக்கு. வெறுங்கையால் முழம் போட முடியாது. அவருக்குக் கழிவைவிட வட்டியில்லாக் கடன் நல்லது. மாதா மாதம் பில்லில் மிச்சமாகும் தொகைக்குள் தவணை அடங்க வேண்டும். மாசாய்க் குடும்பத்தின் கணக்கில் அது அடங்காது என்றால் முதல் ஒன்றிரண்டு கிலோவாட்டுக்குக் கூடுதல் உதவி கொடுக்க வேண்டும், இந்தியாவில் கொடுப்பது போல. இரண்டு, அடுக்குமாடிக் கூரைக்கு. மூன்று, பகலில் மின்சாரம் செலவாகும் பள்ளி, மருந்தகம் போன்ற பொதுக் கட்டடத்துக்கு.

2050ஆம் ஆண்டுக்குள் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தியாக இருக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டில் அரசாங்கம் இலக்கு வைத்தது. ஜொகூரில் தரவு மையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்புகின்றன. அவை இரவு பகல் பாராமல் மின்சாரம் குடிப்பவை. தேவை ஏறத்தான் போகிறது. அந்த ஏற்றத்தில் சின்னக் குடும்பங்களின் கையில் ஒரு பிடிமானம் இருக்க வேண்டும்.

நேயர்களுக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். மூலை வீட்டுக்காரர் தகடு பொருத்துவதைப் பார்த்துப் பொறாமைப்படவும் வேண்டாம், கடன் வாங்கிப் பின்தொடரவும் வேண்டாம். முதலில் உங்கள் மின் பில்லை எடுத்து, மாதம் எத்தனை யூனிட், அதில் பகலில் எவ்வளவு என்று பாருங்கள். 200, 250 யூனிட்டுக்குள் இருந்தால் விற்பனையாளர் என்ன சொன்னாலும் பொறுத்திருங்கள். அடுக்குமாடியில் வசிப்பவர்கள் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். மின்தூக்கி ஏன் ஓடவில்லை என்று கேட்டுவிட்டு, அதோடு இதையும் கேளுங்கள்: “நம் கட்டடத்துக் கூரை யாருக்காகக் காய்ந்துகொண்டிருக்கிறது?”

அந்தக் கேள்வி நகராண்மைக் கழகம் வரை, சட்டமன்றம் வரை போகட்டும். அப்போதுதான் ஊரார் பணம் ஊராருக்கே திரும்பும்.